கதையின் ஓரத்தில் நிற்பவர்கள்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் கேட்டார். தலைப்பையும் அவரே சொல்லிவிட்டார்: 'நாவல் நாயகர்கள் காட்டும் வாழ்க்கை நெறி'. நல்ல தலைப்புதான். ஆனால் எனக்கு வேறு ஆசை இருந்தது. "தம்பி, நாயகர்களைப் பத்தி நிறையப் பேர் எழுதியாச்சு. அவங்களுக்குப் பக்கத்துல நிக்கறவங்களைப் பத்தி நான் எழுதட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதுங்க சார், பக்கம் மட்டும் ரொம்ப ஏறிடாம பாத்துக்கோங்க" என்றார். முயன்றிருக்கிறேன்.

இந்த ஆசைக்கு ஒரு காரணம் உண்டு. 'பொன்னியின் செல்வன்' படத்தின் முதல் பாகம் 2022-இலும் இரண்டாம் பாகம் 2023-இலும் வந்தபோது, பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி கேட்டாள்: "தாத்தா, இந்தக் கதையில நீ யாரு? வந்தியத்தேவனா, அருள்மொழியா?"

என் பன்னிரண்டு வயதில் யாராவது இதைக் கேட்டிருந்தால், கேள்வி முடிவதற்குள் "வந்தியத்தேவன்" என்று கத்தியிருப்பேன். குதிரை, வாள், குறும்பு எல்லாம் எனக்குத்தான். எழுபதைத் தாண்டிய பிறகு அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை. சிரித்து மழுப்பிவிட்டேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அத்தை வாசித்த கதை

எனக்குப் 'பொன்னியின் செல்வன்' முதலில் காது வழியாகத்தான் வந்தது. 'கல்கி' வார இதழில் 1950 முதல் 1954 வரை அந்தத் தொடர் வெளிவந்தது. வாரா வாரம் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியம் வரைந்த படங்களோடு சேர்த்துத் தைத்து பைண்டு செய்து வைக்கும் பழக்கம் அந்நாளில் பல வீடுகளில் இருந்தது. கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலும் அப்படி ஐந்து தொகுதிகள் இருந்தன. அவற்றின் சொந்தக்காரி என் அத்தை, அப்பாவின் அக்கா. இருபது வயதுக்குள் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். மாலையில் விளக்கேற்றிய பிறகு, எங்களை உட்கார வைத்து வாசிப்பார்.

நாங்கள் சண்டை வரும் இடத்துக்காகக் காத்திருப்போம். அத்தையோ ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார். "அது சரி, அந்தப் பொண்ணு மணிமேகலை என்ன ஆனா? யாராவது அவளைக் கேட்டாளா?" என்பார். "அந்த ஊமை அம்மாவுக்கு யாராவது சாதம் போட்டாளா?" என்பார். எங்களுக்கு எரிச்சலாக வரும். "கதைக்கு அது முக்கியமில்ல அத்தை" என்று நான் சொன்னதுண்டு. "முக்கியமில்லாதவாளுக்குப் பசிக்காதோ?" என்று கேட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்.

தமிழ் நாவல் பிறந்த நாளிலிருந்தே இந்த ஓரத்து மனிதர்கள் இருந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மாயூரத்தில் முனிசீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதி 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வீட்டுப் பிள்ளை பிரதாபன் பாடம் ஒழுங்காகப் படிக்காவிட்டால், அவனுக்குப் பதிலாக அடி வாங்குபவன் உபாத்தியாயர் வீட்டுப் பையன் கனகசபை. பிரதாபனின் குறும்பை ரசித்துப் படித்துக்கொண்டு போகும் நமக்குக் கனகசபையின் முதுகு ஞாபகத்துக்கு வருவதில்லை. என் அத்தை படித்திருந்தால் முதல் கேள்வியே அவனைப் பற்றித்தான் இருந்திருக்கும்.

கதவைத் திறந்தவன்

சேந்தன் அமுதனிலிருந்து தொடங்குகிறேன். தஞ்சைக்கு வெளியே நந்தவனம் வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுத்து, வாய் பேச முடியாத தாயோடு வாழும் இளைஞன். முன்பின் தெரியாத வந்தியத்தேவனுக்கு அவன் வீட்டில் இடம் கிடைக்கிறது, சோறும் கிடைக்கிறது. 'நீ யார், என்ன வேலையாக வந்தாய்' என்ற குறுக்கு விசாரணை பெரிதாக இல்லை. அந்த உபசாரத்தால் பின்னால் அவனுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் வம்புதான். ஆனாலும் அவன் கதவைச் சாத்தவில்லை.

கதையின் முடிவில் இவனே செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்று தெரியவந்து, அருள்மொழிவர்மர் தமக்கு வந்த கிரீடத்தை இவன் தலையில் வைக்கிறார். குழந்தை மாறிய கதை கல்கியின் கற்பனை. வரலாற்றில் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த உத்தம சோழன் ஆண்டு முடித்த பிறகுதான், 985-இல் முதலாம் இராஜராஜன் அரியணை ஏறினான். அந்த வரலாற்று உண்மையைக் கதைக்குள் பொருத்த வேண்டிய கட்டாயம் கல்கிக்கு இருந்தது. எத்தனையோ வழிகள் இருந்தும், பூக்குடலை சுமந்தவனை அவர் அதற்குத் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இதற்கு ஒரு சுலபமான பொருள் உண்டு: நல்லவனாக இரு, ஒரு நாள் கிரீடம் வரும். அதை நான் ஏற்கவில்லை. நம்மில் யாருக்கும் கிரீடம் வரப்போவதில்லை. கதவைத் திறந்த நேரத்தில் சேந்தன் அமுதனுக்கும் கிரீடம் வரும் என்று தெரியாது. வந்தவன் பசியோடு வந்தான், இவன் வீட்டில் சோறு இருந்தது. அவ்வளவுதான் கணக்கு.

வெளியூர்த் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1969-இல் நான் சுருக்கெழுத்தும் தட்டச்சும் மட்டும் தெரிந்துகொண்டு ஹௌராவில் வந்து இறங்கினேன். கையில் ஒரு விலாசம் எழுதிய துண்டுச் சீட்டு. அந்த விலாசத்துக்காரர் எனக்கு உறவுமில்லை, ஊருமில்லை. லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரே அறையில் நாலு பேராக இருந்தார்கள். ஐந்தாவது பாயை விரித்தார்கள். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு பாய் விரித்த கதை நிச்சயம் இருக்கும். விரித்தவரின் பெயர் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதுகில் குத்தியது யார்?

அடுத்தவன் கந்தன்மாறன். கடம்பூர் சம்புவரையர் மகன், வந்தியத்தேவனின் ஆருயிர் நண்பன். தஞ்சைக் கோட்டையின் சுரங்க வழியில் யாரோ அவனைப் பின்னாலிருந்து குத்திவிடுகிறார்கள். இரத்த வெள்ளத்தில் கிடந்தவனைத் தூக்கிச் சுமந்து சேந்தன் அமுதன் வீட்டில் சேர்த்துக் காப்பாற்றுபவன் வந்தியத்தேவன். கண் விழித்த கந்தன்மாறனோ, குத்தியதே வந்தியத்தேவன்தான் என்று நம்புகிறான். ஊரெல்லாம் சொல்கிறான். தூக்கிச் சுமந்த தோளையே குற்றவாளியாக்கிவிடுகிறான்.

கந்தன்மாறன் கெட்டவன் இல்லை. அவன் பொய் சொல்லவுமில்லை. தனக்குத் தெரியாத இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொண்டான், அதையே கண்ணால் கண்டதுபோல் நம்பினான். நாவலைப் படிக்கும்போது எல்லோரும் அவனை முட்டாள் என்று திட்டுவோம். நானும் திட்டியிருக்கிறேன், நானே கந்தன்மாறன் என்று தெரியும்வரை.

அந்த ஐந்தாவது பாயை எனக்கு விரித்தவர்களில் ஒருவன் என் வயதுக்காரன். நான் மஞ்சள் காமாலையில் மூன்று வாரம் படுத்தபோது கீழாநெல்லி தேடி அலைந்து அரைத்துக் கொடுத்தவன். 1971-இல் நான் வேறொரு கம்பெனிக்கு இரகசியமாக மனுப் போட்டேன். அவனிடம் மட்டும்தான் சொன்னேன். இரண்டே நாளில் என் மேலதிகாரி கூப்பிட்டு, "போறதா இருந்தா இப்பவே போ" என்று கடுமையாகச் சொல்லிவிட்டார். அந்த வருஷம் எனக்கு வரவேண்டிய சம்பள உயர்வும் போயிற்று. வெளியே யாருக்கும் தெரியாத விஷயம் எப்படித் தெரிந்தது? எனக்குச் சந்தேகமே இல்லை. அறைக்குத் திரும்பி அவனிடம் பேச்சை நிறுத்தினேன். மூன்று மாதத்தில் அவன் பம்பாய்க்கு வேலை கிடைத்துப் போய்விட்டான். வழியனுப்ப நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

எட்டு வருஷம் கழித்து, எங்கள் தலைமை குமாஸ்தா ஓய்வு பெறும் நாளில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ மனுவை ஆபீஸ் மெஷின்லயே அடிச்சே, கார்பனை அப்படியே வச்சுட்டுப் போயிட்டே. வெளிச்சத்துல பிடிச்சா எழுத்து அத்தனையும் தெரிஞ்சுது." என் முதுகில் குத்தியது என் கார்பன் தாள்!

பம்பாய் விலாசத்தைத் தேடிப் பிடித்து நாலு பக்கம் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். ஒரு தபால் அட்டையில் பதில் வந்தது: "கார்பனைக் கிழிச்சுப் போடுன்னு அன்னிக்கே சொன்னேனே, மறந்துட்டியா? உடம்பைப் பாத்துக்கோ." அவன் சொல்லித்தான் இருக்கிறான். அந்த நினைவையே என் கோபம் அழித்துவிட்டிருந்தது.

பேசுவதற்கென்று ஒரு சபை

ஊகம் ஒரு மனத்துக்குள் இருந்தால் ஒரு நட்பு போகும். பத்துப் பேர் நாக்கில் ஏறினால் என்ன ஆகும் என்பதை 'கமலாம்பாள் சரித்திரம்' காட்டுகிறது. வத்தலகுண்டு ராஜமையர் தம் இருபதுகளின் தொடக்கத்தில், 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக எழுதிய நாவல் அது. 1898-இல், 26 வயதிலேயே அவர் காலமாகிவிட்டார். நாவலுக்கு அவர் வைத்த இன்னொரு பெயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம்'.

அதில் ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு 'வம்பர் மகாசபை' என்று பெயர் சூட்டியிருக்கிறார். நகைச்சுவையாகத்தான் தொடங்குகிறது, நாமும் சிரித்துக்கொண்டேதான் படிக்கிறோம். அந்தச் சபையில் இருப்பவர்கள் யாரும் கொலைகாரர்கள் அல்லர். பொழுது போக வேண்டும், கேட்டதைக் கொஞ்சம் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவே. ஆனால் அபவாதம் என்பது அப்படித்தான் வளர்கிறது. முத்துஸ்வாமி ஐயர் தம் மனைவி கமலாம்பாளையே சந்தேகித்துக் குடும்பத்தை விட்டுப் போகும் நிலை வருகிறது.

நாவலில் பெண்களின் சபையாக வருவதால் ஆண்கள் யாரும் மீசையை முறுக்க வேண்டாம். எங்கள் ஆபீஸ் கேண்டீனில் நடந்ததும் மகாசபைதான். இன்று கைபேசியில் சங்க உறுப்பினர்களுக்கென்று குழு வைத்திருக்கிறோம். காலையில் பூங்கொத்துப் படத்தோடு வணக்கம் வருகிறது. மாலைக்குள் யார் வீட்டுப் பெண் யாரைக் கல்யாணம் செய்துகொண்டாள், யார் சங்கக் கணக்கில் கை வைத்தார் என்று வந்துவிடுகிறது. நான் சொல்லிக்கொண்டிருப்பது யாரைப் பற்றி என்று தேட வேண்டாம், நானும் அதில் விரலால் ஒத்து ஊதியிருக்கிறேன்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் சிறிய சமூகத்தில் அபவாதத்துக்குக் கூர்மை அதிகம். சொந்த ஊரில் ஒரு தெரு பேசினால் அடுத்த தெருவில் போய் உட்காரலாம். இங்கே நமக்கு இருப்பதே ஒரு தெருதான்.

கடைசிப் பக்கத்தில் இருப்பவள்

மணிமேகலை கந்தன்மாறனின் தங்கை. அண்ணன் வாயால் வந்தியத்தேவனின் பெருமைகளைக் கேட்டுக் கேட்டே அவனை மனத்தில் வைத்துக்கொண்டவள். பிறகு அண்ணனே அவனைத் துரோகி என்கிறான். அவள் மனம் மாறவில்லை. ஆதித்த கரிகாலன் கொலைப் பழி வந்தியத்தேவன் மேல் விழும்போது, கொன்றது நான்தான் என்று அந்தப் பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ளவும் துணிகிறாள். வந்தியத்தேவன் மனத்தில் இருப்பதோ குந்தவை. எல்லாருக்கும் இது தெரியும்.

ஐந்து பாகம் கொண்ட இவ்வளவு பெரிய சரித்திர நாவலை ஆசிரியர் எங்கே முடிப்பார்? பட்டாபிஷேகத்தில் முடிப்பார் என்று எதிர்பார்ப்போம். கல்கி அப்படிச் செய்யவில்லை. கடைசி அத்தியாயத்தை மணிமேகலைக்குக் கொடுத்தார். அவள் வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுகிறாள். மகுடமெல்லாம் முடிந்த பிறகு, நாயகன் ஒரு மறக்கப்பட்ட பெண்ணருகில் உட்கார்ந்திருக்கிறான்.

அத்தை இந்த இடத்தை வாசித்த மாலை எனக்கு ஞாபகம் இருக்கிறது. குரல் உடையவில்லை. வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடி, "கடைசியிலயாவது வந்தானே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போனார். அந்த 'கடைசியிலயாவது' என்ற சொல்லின் கனம் எனக்குப் புரிய இருபத்தைந்து வருஷம் ஆயிற்று.

வங்காளத்தில் கண்ட அத்தை

இந்த நகரத்துக்கு வந்த பிறகு எனக்குக் கிடைத்த பெரிய சொத்து வங்க நாவல்கள். முதலில் தமிழில் படித்தேன். விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் 'பதேர் பாஞ்சாலி'யை 'நாகம்மாள்' எழுதிய ஆர். சண்முகசுந்தரம் தமிழாக்கியிருந்தார். பிறகு என் பையனின் பள்ளிப் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வங்க எழுத்துக் கற்றுக்கொண்டு, தட்டுத் தடுமாறி மூலத்தையும் படித்தேன்.

1929-இல் நூலான அந்த நாவலில் அபு, துர்கா என்ற இரண்டு குழந்தைகளைத்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாவலின் முதல் பகுதி இந்திர் டாக்ருண் என்ற கிழவியைச் சுற்றியது. ஹரிஹர் என்ற ஏழைப் புரோகிதருக்குத் தூரத்து உறவில் அக்கா முறை. பல பெண்களை மணந்துகொண்டு எப்போதாவது எட்டிப் பார்க்கும் குலீன வழக்கத்துக் கணவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். பெற்ற மகளும் போய்விட்டாள். நிச்சிந்திபூர் கிராமத்தில் ஹரிஹர் வீட்டில் ஒண்டியிருக்கிறாள். குழந்தை துர்காவுக்கு அவள்மேல் உயிர், அவளுக்கும் அப்படியே. ஹரிஹரின் மனைவி சர்வஜயாவுக்கு அவளைக் கண்டால் ஆகாது. இருக்கிற அரைப்படியில் இன்னொரு வாய். கிழவி விரட்டப்படுகிறாள், திரும்பி வருகிறாள், மறுபடி விரட்டப்படுகிறாள். கடைசியில் அந்த வீட்டுக்கு வெளியே உயிர்விடுகிறாள். அவளோடு அந்தக் கிராமத்தின் பழைய காலமே முடிந்தது என்ற பொருளில் ஆசிரியர் எழுதுகிறார். யாருக்கும் வேண்டாத ஒரு கிழவியின் சாவை ஒரு யுகத்தின் முடிவாகச் சொன்ன அந்த எழுத்தாளரை நான் இன்றும் கும்பிடுகிறேன்.

சர்வஜயா கொடியவளா? அதுதான் இல்லை. வறுமை அவளை அப்படி ஆக்கியிருந்தது. பின்னால் காசியில் கணவனை இழந்து, பணக்கார வீடொன்றில் சமையல்காரியாக, பிறர் அடுப்படியில் பிறர் முகம் பார்த்து வாழும் நிலை அவளுக்கே வருகிறது. இந்திர் டாக்ருண் நின்ற இடத்தில் அவள் வந்து நிற்கிறாள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1978-இல் அப்பா காலமானதும் அத்தைக்குக் கும்பகோணத்தில் ஆதரவில்லை. கல்கத்தாவுக்கு அழைத்து வந்தேன். இரண்டு அறை வீடு. நான், மனைவி, பையன், பிறகு ஒரு பெண் குழந்தை. அத்தை கூடத்து மூலையில் படுத்துக்கொள்வார். பாஷை தெரியாது, வெளியே போக இடமில்லை. எதிர் வீட்டு வங்காள அம்மாள் மட்டும் கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்துக்கொள்வார். 1981-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியில், சத்யஜித் ராய் 1955-இல் எடுத்த 'பதேர் பாஞ்சாலி' படம் காட்டினார்கள். அத்தை பார்த்தார். இந்திராக நடித்தவர் சுனிபாலா தேவி என்ற முதிய நடிகை. குழிந்த கன்னமும் கூன் முதுகுமாக அவர் நடந்து வருவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

படம் முடிந்து வந்த அத்தையிடம், "பாஷை புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "அந்தக் கிழவி பேசினது எல்லாம் புரிஞ்சுது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பையனுக்குப் படிக்க இடமில்லை, குழந்தைக்குத் தொட்டில் கட்ட இடமில்லை என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அத்தையின் காதில் படாமல்தான் பேசினோம் என்று நினைத்துக்கொண்டோம், இரண்டு அறை வீட்டில்! ஒரு நாள் காலை அவரே வந்து, "எனக்கு ஊர் ஞாபகமாவே இருக்குடா. மச்சினர் ஆத்துல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அந்த வார்த்தைக்குக் காத்திருந்தவன்போல் டிக்கெட் வாங்கினேன். மெட்ராஸ் மெயிலில் ஏற்றிவிட்டு, "கோடை லீவுல வந்து கூட்டிண்டு வரேன் அத்தை" என்றேன்.

1983 கோடையில் போகவில்லை. ஒரு தபால் அட்டை போட்டேன், அடுத்த லீவுக்கு நிச்சயம் வருகிறேன் என்று. 1984 தை மாதம் தந்தி வந்தது. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தார்கள். இரண்டு புடவை, ஒரு பித்தளைச் செம்பு, 'பொன்னியின் செல்வன்' ஐந்தாம் பாகம். புத்தகத்துக்குள் அடையாளமாக என் தபால் அட்டை. எந்தப் பக்கம் என்று பார்க்கத் தோன்றவில்லை. அட்டையில் என் கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன கற்றுக்கொள்வது?

நம்மை அண்டி இருப்பவர்கள் நமக்கு வசதியான வார்த்தையைத்தான் சொல்வார்கள். "எனக்குப் பசிக்கல", "எனக்கு இங்கேயே தூக்கம் வரும்", "ஊர் ஞாபகமா இருக்கு." நாயகர்கள் வாய்விட்டு வசனம் பேசுவார்கள். ஓரத்தில் நிற்பவர்களின் வசனத்தை நாம்தான் நின்று கேட்க வேண்டும். அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொள்வதற்குமுன், அது அவர்கள் விருப்பமா அல்லது நமக்காகச் சொன்னதா என்று ஒரு தடவையாவது திருப்பிக் கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. "போகாதே அத்தை" என்ற இரண்டு சொல் எனக்கு வாயில் வரவில்லை.

நாவல்கள் நம்மைத் தண்டிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. மீதமிருக்கும் நாட்களுக்குப் பயன்படவே எழுதப்பட்டவை. இன்று நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில், மகனோடும் மகளோடும் இருக்க ஊரைவிட்டு வந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். ஏழாம் மாடியில், பாஷை தெரியாத காவலாளியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நாளைக் கழிக்கிறார்கள். நம் விழாக்களில் முன்வரிசையில் இருக்கை போட்டு உட்கார வைக்கிறோம், சரி. மற்ற நாட்களில் அவர்களிடம் ஒரு கதை கேட்கலாமே. அவர்களுக்குக் கண் தெரியாவிட்டால் நாம் வாசிக்கலாமே. தமிழ் எழுத்துத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்கும் காது உண்டு. எனக்கும் கதை காது வழியாகத்தான் வந்தது.

வாசித்து முடித்ததும், யார் வென்றார்கள் என்று பிள்ளைகளைக் கேட்க வேண்டாம். அத்தை கேட்டதையே கேளுங்கள்: இந்தக் கதையில் யாரை யாரும் விசாரிக்கவில்லை?

என் பேத்திக்குச் சொல்ல வேண்டிய பதிலும் இதுதான். கண்ணே, உன் தாத்தா வந்தியத்தேவன் இல்லை. இளமையில் கந்தன்மாறனாக இருந்தேன். நடுவயதில் சர்வஜயாவாக இருந்தேன். சேந்தன் அமுதனாக இருக்க இனியாவது முயல்கிறேன். அடுத்த விடுமுறைக்கு நீ வரும்போது ஐந்தாம் பாகத்தை எடுத்து வைத்திருப்பேன். நீ படிக்க வேண்டாம், நான் வாசிக்கிறேன். அட்டை கிழிந்திருக்கும், பக்கங்கள் பழுத்திருக்கும், கொஞ்சம் மெதுவாகப் புரட்ட வேண்டும்.